குத்துவிளக்கு சரி, கல்லறைச் சுவர்?

2008 மார்ச் மாதத்தில் அடுத்தடுத்து வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம்.

மார்ச் 2. சிதம்பரம் நடராஜர் கோயில். சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட வேண்டும் என்று பல வருடங்களாகப் போராடிவந்த சிவனடியார் ஆறுமுகசாமி, அரசு உத்தரவோடும் போலீஸ் பாதுகாப்போடும் மேடையேறிப் பாடினார். தேவாரத்தைக் கொண்டாடும் ஊரில் தேவாரம் பாட போலீஸ் தேவைப்பட்டது! தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. பேச வேண்டிய விஷயம்தான்.

மார்ச் 9. உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூர். அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், இன்றைக்குக் கள்ளக்குறிச்சி. திருச்சபைக் கணக்கில் புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டம். அங்கே தலித் கிறிஸ்தவர்கள், ‘எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள்’ என்று கேட்டார்கள். சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், எந்த வழியாகப் போகக் கூடாது என்பது வரைக்கும் பல காலமாகப் புழுங்கிய பிரச்னை. அன்று அது வெடித்தது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. வன்னியர் தரப்பில் இரண்டு உயிர்கள் போயின. அடித்தவர்களும் கத்தோலிக்கர்கள், அடிவாங்கியவர்களும் கத்தோலிக்கர்கள். ஒரே மாதா, ஒரே ஜெபமாலை.

முதல் ஞாயிறை நாம் இன்னமும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது ஞாயிறை வசதியாக மறந்துவிட்டோம். திருச்சபையும் மறக்கவே விரும்பியது.

இதை ஏன் இப்போது கிளறுகிறாய் என்று கேட்கலாம். காரணம் உண்டு. கிறிஸ்தவ மேடைகளில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு வார்த்தை, பண்பாட்டுமயமாதல். அதாவது, கிறிஸ்தவம் இந்த மண்ணின் பண்பாட்டோடு கலந்து வாழ வேண்டும், அந்நியமாக நிற்கக் கூடாது. 1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த ஊர் மொழிக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதன் பிறகு பூசை தமிழில் நடக்கிறது. பீடத்தருகே குத்துவிளக்கு எரிகிறது. தை மாதம் கோயில் வளாகத்தில் பொங்கல் பொங்குகிறது. கொடியேற்றம், தேர்பவனி எல்லாம் ஜோராக நடக்கின்றன. மாதா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பவனி வருகிறாள்.

நல்லது. இதில் எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஆனால் நான் காமர்ஸ் படித்தவன். வரவுப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறவர்களைப் பார்த்தால், ‘எதிர்ப்பக்கத்தையும் திருப்புங்க சார்’ என்று சொல்லத் தோன்றும்.

முதலில் வரவு. அது சாதாரண வரவு இல்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணி என்று ஒரு காப்பியமே பாடினார். ஜி.யு.போப் 1900-ல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தில்லையில் உருகிய மாணிக்கவாசகரை ஆக்ஸ்போர்டுக்குக் கூட்டிப்போனவர் ஒரு பாதிரியார். ஆபிரகாம் பண்டிதர், தஞ்சாவூரில் சித்த மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தை இசை மாநாடுகளுக்குக் கொட்டி, 1917-ல் கருணாமிர்த சாகரம் என்கிற பிரம்மாண்டமான நூலை வெளியிட்டார். தமிழிசைக்குத் தனி வேர் உண்டு என்று பின்னால் வாதாடியவர்களுக்கெல்லாம் அது ஆயுதம். 2005-ல் இளையராஜாவின் திருவாசக இசைத்தட்டைக் கொண்டுவந்தது, ஜெகத் கஸ்பர் என்கிற கத்தோலிக்கப் பாதிரியாரின் தமிழ் மையம். கிறிஸ்தவர்கள் தமிழுக்கு அந்நியர்கள் என்று சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு வாயைத் திறக்கட்டும்.

இப்போது எதிர்ப்பக்கம்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். ஏசுவின் கதையைக் குறத்தி வாயால் தமிழில் சொல்லவைத்த பெரிய கவிஞர். மண்ணின் பண்பாட்டோடு கிறிஸ்தவத்தைக் கலந்ததற்கு இவரைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. ஆனால் 1820-களின் கடைசியில், சபைக்குள் சாதி கூடாது என்று இளம் மிஷனரிகள் கிளம்பியபோது எதிர்த்து எழுதியவரும் இவர்தான். சாதி ஆசாரம் எங்கள் ஊர் வழக்கம், அதில் கை வைக்காதீர்கள் என்பது வாதம். 1833-ல் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், சாதியை உடனே விட்டாக வேண்டும் என்று கண்டிப்பாக உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் பலர் சாதியை விடவில்லை. பிஷப்பை விட்டார்கள்.

அப்படி வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம், ஜெர்மனியின் லைப்சிக் மிஷன். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1856-ல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். தமிழை உயிராக நேசித்தவர். ஆனால் சாதி விஷயத்தில், ‘அது சமூக வழக்கம், மதம் இல்லை. மெல்ல மெல்ல மாறும். சபை அவசரப்படக் கூடாது’ என்பது அவர் நிலைப்பாடு.

அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் என்பவருக்கு இது பொறுக்கவில்லை. சாதியை வைத்துக்கொண்டு என்னய்யா சபை என்று சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். 1860-களில் கடலூர் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக மிஷன் தொடங்கினார். அதை டென்மார்க் மிஷன் ஏற்றுக்கொண்டது. இன்றைக்குக் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் ஆரம்பம் அதுதான்.

திருக்குறளை மொழிபெயர்த்த கிரவுலைத் தமிழ் அறிஞர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். சாதியைப் பொறுக்காத ஓக்ஸை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஒரு சமூகம் எதைப் பண்பாடு என்று எண்ணுகிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

நான் சொல்ல வருவது இதுதான். கிறிஸ்தவம் இந்த மண்ணில் வேர் பிடிக்கவில்லை என்பது பொய். நன்றாகவே பிடித்திருக்கிறது. இங்கிருந்து தமிழை எடுத்தது, இசையை எடுத்தது, தேரை எடுத்தது. கூடவே சேரியையும் ஊரையும் பிரிக்கிற கோட்டையும் எடுத்துக்கொண்டது. குத்துவிளக்கு வருவதற்குப் பல தலைமுறை ஆனது. கோடு முதல் நாளே உள்ளே வந்துவிட்டது.

பண்பாட்டோடு உறவாடுவது என்றால், கிடைத்ததையெல்லாம் வாரிக் கட்டிக்கொள்வது இல்லை. நேசிக்க வேண்டியதை நேசிப்பது, சண்டை போட வேண்டியதோடு சண்டை போடுவது. இரண்டும் சேர்ந்தால்தான் உறவு. முதலாவது மட்டும் இருந்தால் அது அலங்காரம்.

இரண்டையும் செய்த ஒரு பெண்ணின் கதை, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவிலேயே இருக்கிறது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் பு.முட்லூரில் இடது பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. பேரிலேயே பரங்கி, அதாவது வெள்ளைக்காரன் இருக்கிறான். அந்த ஊரில் வெள்ளைக்காரியாக இருக்க மறுத்தவர் ஆனி மேரி பீட்டர்சன். டென்மார்க்கிலிருந்து 1909-ல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தவர். 1917-ல், திருக்கோவிலூரில் வேலை செய்த எஸ்தர் ஃபேரிங் என்கிற இளம் டேனிஷ் மிஷனரியோடு சேர்ந்து அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய் காந்தியைப் பார்த்தார். இரண்டு பேரின் வாழ்க்கையும் மாறிப்போனது.

மிஷன் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிரிட்டிஷ் ராஜ்யத்தில் பிரிட்டிஷாரின் எதிரியோடு மிஷனரிக்கு என்ன சகவாசம்? எஸ்தர் மிஷனை விட்டு விலகினார். அவரை ‘அன்புக் குழந்தை’ என்று விளித்து காந்தி எழுதிய கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவே வந்தன. பீட்டர்சனும் மிஷனை விட்டு வெளியே வந்தார். அரசாங்கத்தின் மானியத்தில் தொங்கிக்கொண்டு நடக்கிற பள்ளிக்கூடம் வேண்டாம், இந்தியப் பெண்களுக்கு இந்தியத் தன்மையோடு ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நினைத்தார். பரங்கிப்பேட்டையில் அந்தப் பள்ளிக்கு 1921 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியவர் காந்தி. அதே பயணத்தில், சில நாள் கழித்து மதுரையில்தான் அவர் சட்டையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். பள்ளிக்குப் பெயர் சேவா மந்திர். பைபிளும் இருந்தது, ராட்டையும் இருந்தது.

மதமாற்றம் பற்றி காந்தியின் கருத்து ஊரறிந்தது. மிஷனரிகளோடு அவர் மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சமல்ல. பீட்டர்சனும் ஏசுவை ஒளித்துவைத்துக்கொண்டு காந்தியைப் பார்க்கப் போகவில்லை. ஆனாலும் அடிக்கல் நாட்டப்பட்டது. காரணம், தன் நம்பிக்கைக்காக எதை இழக்கத் தயார் என்பதை அந்தப் பெண்மணி காட்டியிருந்தார். மிஷனின் பாதுகாப்பு, வெள்ளைத் தோலுக்குக் கிடைக்கும் சலாம், அரசாங்கத்தின் நல்லெண்ணம் எல்லாம் போயின. 1951-ல் இறக்கும்வரை அந்தப் பள்ளிதான் அவர் வாழ்க்கை. பள்ளி இன்றும் நடக்கிறது.

குத்துவிளக்கு ஏற்ற என்ன செலவு? எண்ணெய், திரி. பீட்டர்சன் செலவழித்தது வேறு கணக்கு.

இதையெல்லாம் சொன்னால் கிறிஸ்தவ நண்பர்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள்.

முதல் பதில்: ‘சாதி இந்து சமூகத்தின் நோய். எங்களை ஏன் கேட்கிறீர்கள்?’ நோய் எங்கிருந்து தொற்றியது என்பது டாக்டருக்கு உதவும். படுத்திருப்பவன் நீங்கள்தானே? மருந்தும் நீங்கள்தான் சாப்பிட வேண்டும்.

இரண்டாவது பதில்: ‘நாங்கள் சிறுபான்மை. எங்கள் அழுக்கை நாங்களே வெளியே சொன்னால் எதிரிகளுக்கு வசதி.’ இந்தப் பயம் நியாயமானது. 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, தொண்டு செய்தவர்களையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்ததை நாம் மறக்கவில்லை. 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகே அதை விலக்கிக்கொள்ள அன்றைய அரசு முன்வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்து திருச்சபை என்ன சொன்னது? மனிதன் தன் மானத்துக்காகத் தன் நம்பிக்கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்றது. அந்த மானத்தைக் கோயில் வாசலுக்கு உள்ளேயும் கொடுத்திருந்தால் வாதத்துக்கு இன்னும் பலம் இருந்திருக்கும். எதிரிக்கு வசதி செய்துகொடுப்பது எறையூரைப் பற்றிப் பேசுகிறவன் இல்லை. எறையூரை நடக்கவிட்டவன்.

மூன்றாவது பதில்: ‘நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.’ உண்மை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்காக ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. மூன்றில் இரண்டு பங்கு! கம்பெனியில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவனைப் பின்வாசலில் நிறுத்தும் போர்டு மீட்டிங் உலகத்திலேயே இங்கே மட்டும்தான் நடக்க முடியும். அறிக்கை நல்ல அறிக்கை. அது ஊர்க் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நடுவில் நசுங்குகிறவனை நினைத்துப் பாருங்கள். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவனானால் அவன் பட்டியல் சாதி இல்லை. 1956-ல் சீக்கியர்களுக்கும் 1990-ல் பௌத்தர்களுக்கும் அந்த ஆணை தளர்ந்தது. கிறிஸ்தவர்களுக்குத் தளரவில்லை. 2022-ல் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஒரு ஆணையம் போட்டது. சர்க்கார் சொல்கிறது: நீ கிறிஸ்தவன், உனக்கு சாதி இல்லை. ஊர் சொல்கிறது: நீ என்னவாக வேண்டுமானாலும் ஆகு, உன் சாதி எங்களுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு குரல் வந்திருக்க வேண்டும். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயாராக இருந்தவரின் பெயரால் நடக்கிற சபையிலிருந்து வந்திருக்க வேண்டும். பல ஊர்களில் அந்தக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த வருடத் திருவிழாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறது.

இந்த இடத்தில் சந்தோஷப்படத் தயாராக இருக்கும் இந்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘பார்த்தீர்களா, அங்கேயும் சாதிதான்’ என்று சொல்லிச் சிரிப்பதற்கு உங்களுக்கு உரிமை கிடையாது. அது உங்கள் வீட்டிலிருந்து போன சீதனம். நந்தன் தீக்குள் இறங்கித்தான் தில்லைக்குள் போக முடிந்தது என்பதைப் பக்திக் கதையாகக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்கள், எறையூரைக் கேலி பேச முடியாது.

பண்பாட்டோடு கலந்து வாழ விரும்பும் பங்குகளுக்கும் சபைகளுக்கும் என்னால் முடிந்த உதவி, ஒரு தணிக்கைப் படிவம். நான்கே கேள்விகள். உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? ஒன்றுதான் என்றால், நடுவில் திருச்சி மேலப்புதூரில் உள்ளதுபோல் சுவர் ஏதும் உண்டா? சவ ஊர்வலமும் தேரும் எல்லாத் தெருவுக்கும் போகின்றனவா? திருவிழா வரியை எல்லாரிடமும் வாங்குகிறீர்களா, இல்லை சிலரிடம் வாங்காமலிருப்பதன் மூலம் அவர்களுக்குத் திருவிழாவில் பங்கில்லை என்று சொல்கிறீர்களா?

பதில்களை எழுதிக் கோயில் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒருவர் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் கேட்ட கேள்விதான் இது. புதிதாக ஒன்றும் இல்லை.

நான்குக்கும் சரியான பதில் வந்த ஊரில் குத்துவிளக்கே ஏற்றாவிட்டாலும் பரவாயில்லை. அங்கே வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது.