முழு வரியும் எல்லாருக்கும் எதற்கு?

கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பட்டியல் வந்தது. பெயர், ஊர், படித்து முடித்த வருடம், இவ்வளவுதான் கேட்டிருந்தோம். வந்ததிலோ பிறந்த தேதி, சாதி, அப்பாவின் தொழில், செல் நம்பர் எல்லாம் இருந்தன. உடனே அழித்துவிட்டார்கள். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ! ஒரு பெண் போன் செய்து, "சார், நான் நம்பரை மாத்தணுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

பட்டியல் போட்டவன் கெட்டிக்காரப் பையன். நான் திட்டவில்லை, எப்படி ஆச்சு என்று கேட்டேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'மாணவர்' என்று ஒரு டேபிள் போட்டால், அதே பெயரில் ஒரு கூட்டு வகையும் தானாக உண்டாகிவிடுமாம். செலக்ட் என்று எழுதி, வேண்டிய கட்டங்களைச் சொல்லாமல் டேபிள் பெயரையே போட்டால், ஒரு மாணவரின் வரி முழுவதும் அடைப்புக்குறிக்குள் ஒரே பொருளாக வரும். நம்மூர் வெற்றிலையைக் கவுளியாகக் கட்டிக் கொடுப்பது போல. அதை அப்படியே ஜேசனாக மாற்றி அனுப்பியிருக்கிறான்.

வசதியை நான் குறை சொல்லவில்லை. மாணவர், ஆசிரியர் என்று இரண்டு டேபிளைச் சேர்க்கும்போது இரண்டிலும் 'பெயர்' இருந்தால் யார் பெயர் எது என்று குழம்பும். வரியாக எடுத்தால் அவரவர் அவரவராக நிற்பார்கள். புரோகிராமுக்குள்ளே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே அனுப்ப மட்டும் கூடாது என்பது என் கட்சி. நாளைக்கு வேறொருவர் அந்த டேபிளில் ஆதார் எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்ப்பார். உங்கள் புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறாது, ஆதாரும் சேர்ந்து போகும். (நட்சத்திரக் குறி போடுகிறவர்களுக்கும் இதே பாட்டுத்தான்.)

வழியும் அதிலேயே இருக்கிறது. கேட்ட மூன்று கட்டங்களை மட்டும் வைத்து ஒரு வியூ செய்யுங்கள். வியூவுக்கும் அதே மாதிரி கூட்டு வகை உண்டு. முழு வரியை அதிலிருந்து எடுங்கள். பட்டியல் அனுப்பும் பயனருக்கு மூல டேபிளில் அனுமதியே வேண்டாம். கட்டம் கட்டமாக அனுமதி கொடுத்தாலும் சரி. ஒரே ஒரு கட்டத்துக்கு அனுமதி இல்லாவிட்டாலும் முழு வரியைக் கேட்டால் போஸ்ட்கிரெஸ் தராது.

பையன் நேற்று வியூ போட்டுவிட்டான். அந்தப் பெண்ணும் நம்பரை மாற்றிவிட்டாள். பேங்க், கேஸ் ஏஜென்சி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று புது நம்பர் கொடுக்க இன்னும் அலைந்துகொண்டிருக்கிறாள்.