உப்பு வரியும் லாப வரியும்

1947-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ந் தேதி, இடைக்கால சர்க்காரின் நிதி மெம்பராயிருந்த லியாகத் அலி கான் டில்லி சட்டசபையில் தமது பட்ஜெட்டைச் சமர்ப்பித்தார். அதில் இரண்டு விஷயங்கள் ஒருங்கே இருந்தன. ஒன்று, உப்பு வரியை ரத்துச் செய்வது. மற்றொன்று, ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வியாபார லாபத்தின் மீது நூற்றுக்கு 25 வீதம் விசேஷ வரி விதிப்பது. உப்பு வரி ஒழிந்தது கண்டு தேசம் மகிழ்ந்தது. 1930-ல் வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை புகுந்தவர்களின் தியாகம் பலனளித்தது. லாப வரியின் கதியோ வேறு. முதலாளிகளும் வர்த்தகப் பிரமுகர்களும் எழுப்பிய கூக்குரல் டில்லியை அதிர வைத்தது. தொழில் படுத்துவிடும், மூலதனம் மறைந்துவிடும், தேசம் பாழாகிவிடும் என்றார்கள். முடிவில் விகிதம் குறைக்கப்பட்டது.

அந்த இரு வரிகளும் ஒரே பட்ஜெட்டில் இடம் பெற்றது பொருத்தமே. ஏழையின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கினால், அதை வேறொரு தோள் தாங்கியாக வேண்டும். வலியவன் தோள் கொடுக்க மறுத்தால், இறக்கிய சுமை வேறொரு பெயருடன் ஏழையிடமே திரும்பி வரும். பெருத்த லாபம் அடையும் பெரிய கம்பெனிகள், தேசத்தின் செலவில் தமக்குரிய நியாயமான பங்கைக் கொடுக்கின்றனவா? 1947-ல் எழுந்த இக்கேள்விக்கு இன்னும் நேர்மையான விடை கிடைத்தபாடில்லை.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 20-ந் தேதி நிதி மந்திரி ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன் வெளியிட்ட அறிவிப்பை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்பெனிகளின் வருமான வரி விகிதம் நூற்றுக்கு 30-லிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. புதிதாக உற்பத்தித் தொழில் தொடங்கும் கம்பெனிகளுக்கு 15 வீதமே போதும் என்றும் சொல்லப்பட்டது. பழைய விலக்குகள் பலவற்றைத் துறக்கும் கம்பெனிகளுக்கே இவ்விகிதம் என்ற நிபந்தனை இருந்தது உண்மை. இதனால் பொக்கிஷத்துக்கு ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் குறையும் என்று சர்க்காரே கணக்குக் கூறியது. முதலாளிகள் கையில் பணம் மிஞ்சும். அதைக் கொண்டு புதிய ஆலைகள் கட்டுவார்கள். இளைஞர்களுக்கு வேலை பிறக்கும். இதுவே அன்று கூறப்பட்ட காரணம். அதாவது, இது தானம் அன்று, ஓர் ஒப்பந்தம். தேசம் தன் பங்கைக் கொடுத்துவிட்டது. எதிர்த் தரப்பு தன் பங்கைக் கொடுத்ததா என்று கேட்கத் தேசத்துக்கு உரிமை உண்டு.

பதிலைச் சர்க்காரின் ஏடுகளிலேயே காணலாம். 2023-24-ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை, ஆயிரக்கணக்கான கம்பெனிகளின் கணக்கைப் பரிசீலித்து, 2020-க்கும் 2023-க்கும் இடையே அவற்றின் வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நான்கு மடங்காகியது என்றும், வேலைகளும் சம்பளமும் அதற்கு ஈடாக வளரவில்லை என்றும் கூறிற்று. அடுத்த ஆண்டின் அறிக்கை இன்னும் வெளிப்படையானது. 2023-24-ல் முன்னணிக் கம்பெனிகளின் லாபம் நூற்றுக்கு 22.3 வீதம் உயர்ந்ததாம். அவற்றில் வேலை செய்வோர் தொகையோ 1.5 வீதம்தான் உயர்ந்ததாம். இதைச் சொல்வது எதிர்க்கட்சி அன்று. நிதி மந்திரியின் சொந்த இலாகா!

இனி, சுமை எந்தத் தோளுக்கு மாறியது என்று பார்ப்போம். 2018-19-ல் கம்பெனிகள் செலுத்திய வரி சுமார் 6,63,000 கோடி ரூபாய். அதே ஆண்டில் தனி மனிதர்கள் செலுத்திய வருமான வரி சுமார் 4,73,000 கோடி. 2023-24-ல் கம்பெனிகளின் வரி சுமார் 9,11,000 கோடி. தனி மனிதர்களின் வரி 10 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. தேசத்தின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். முன்னே நூற்றுக்கு மூன்றரை வீதம் கொடுத்த கம்பெனிகள் பின்னே சுமார் மூன்று வீதம் கொடுத்தன. முன்னே இரண்டரை வீதம் கொடுத்த தனி மனிதர்கள் பின்னே சுமார் மூன்றரை வீதம் கொடுத்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் இருவரும் இடம் மாறிவிட்டார்கள். இதே காலத்தில்தான் கம்பெனிகளின் லாபம் மலைபோல் வளர்ந்தது.

இந்தத் தனி மனிதர் யார்? பெருஞ்செல்வரும் இவர்களில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடிக்கப்படும் குமாஸ்தாவும் உபாத்தியாயரும் இவர்களிலேதான் இருக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 12 லட்ச ரூபாய் வரை வருமானமுள்ளவர்களுக்கு வரிப் பளு நீக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. எனினும், வருமான வரியே கட்டாத கூலியாள் வரியே கட்டாதவன் என்று எண்ணுவது பெருந்தவறு. அவன் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் சட்டைத் துணியிலும் சரக்கு சேவை வரி இருக்கிறது. அவன் ஏறும் பஸ்ஸுக்கு ஊற்றும் எண்ணெயிலும் வரி இருக்கிறது. லட்சாதிபதியும் அவனும் ஒரு சோப்புக்கு ஒரே வரியைத்தான் கொடுக்கிறார்கள். உப்பு வரியை மகாத்மா எதிர்த்ததற்கு இதுவே தலையாய காரணம். பட்டினி கிடப்பவனும் அரண்மனையில் இருப்பவனும் ஒரே அளவு கொடுக்கும் வரி, பார்வைக்குச் சமத்துவம், உண்மையில் அநீதி.

விகிதம் ஒரு பாதி. மறு பாதி, அவ்விகிதத்துக்கு உட்படாமல் லாபத்தை நாடு கடத்தும் வித்தை. அது எப்படி நடக்கிறது? ஒரு கம்பெனி இந்நாட்டில் சரக்கு விற்று லாபம் அடைகிறது. அதன் வியாபாரச் சின்னத்துக்கும் தொழில் ரகசியத்துக்கும் உரிமையாளராக, வரி இல்லாத ஒரு சிறு தீவில் அதே முதலாளிகளின் மற்றொரு கம்பெனி பதிவாகியிருக்கிறது. இங்கேயுள்ள கம்பெனி அங்கேயுள்ள கம்பெனிக்கு ஆண்டுதோறும் உரிமைத் தொகை கட்டுகிறது. கடனுக்கு வட்டியும் கட்டுகிறது. கணக்குப் புத்தகத்தில் இங்கே லாபம் சுருங்குகிறது, அங்கே வீங்குகிறது. வியர்வை இங்கே, விற்பனை இங்கே, லாபம் மட்டும் கடல் தாண்டிப் போகிறது. தேசத்தின் செல்வம் அந்நிய நாட்டுக்கு வடிந்து செல்வதை அக்காலத்தில் தாதாபாய் நவுரோஜி கணக்கெடுத்துக் காட்டினார். இக்காலத்து வடிகாலுக்குப் பீரங்கியும் வேண்டாம், வைசிராயும் வேண்டாம். கெட்டிக்கார ஆடிட்டர் ஒருவர் போதும்.

2007-ல் நடந்ததைப் பாருங்கள். ஹட்சிஸன் கம்பெனி தனது இந்திய டெலிபோன் தொழிலை வோடபோன் கம்பெனிக்குச் சுமார் 1,100 கோடி டாலருக்கு விற்றது. டெலிபோன் கோபுரங்கள் இந்தியாவில், சந்தாதாரர்கள் இந்தியாவில். ஆனால் பத்திரத்தில் கைமாறியது கேமன் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கு! இந்தியச் சட்டம் அதைத் தொடாது என்று சுப்ரீம் கோர்ட் 2012 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சர்க்கார் உடனே முன் தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. சர்வதேச மத்தியஸ்தர்கள் 2020-ல் அதைத் தவறென்றார்கள். 2021-ல் அத்திருத்தம் கைவிடப்பட்டது. முன் தேதியிட்டு வரி விதிப்பது முறையன்று என்பதே நமது அபிப்பிராயமும். ஆனால் ஓட்டையைக் காலத்தில் அடைக்காதவன் வெள்ளம் புகுந்தபின் அணை கட்டப் போவது எந்த ஊர் புத்திசாலித்தனம்? மொரீஷியஸ் தீவோடு 1982-ல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அத்தீவின் வழியாக வந்த மூலதனம் பங்கு விற்பனையில் அடைந்த லாபத்துக்கு இங்கே வரி இல்லை, அங்கேயும் இல்லை. அதைத் திருத்த 2016 வரை காத்திருந்தோம்!

இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்த வியாதியன்று. ஐரோப்பாவில் ஆப்பிள் கம்பெனியின் கிளையொன்று 2014-ல் தன் லாபத்தின் மீது கொடுத்த வரி நூற்றுக்கு 0.005 வீதம்தான் என்று ஐரோப்பியக் கமிஷன் கண்டது. அதாவது பத்து லட்சத்துக்கு ஐம்பது! 1,300 கோடி யூரோ வரிப் பாக்கியை அயர்லாந்து வசூலிக்க வேண்டும் என்று 2016-ல் கமிஷன் உத்தரவிட்டது. வேடிக்கை என்னவெனில், பணம் வேண்டாம் என்று அயர்லாந்து சர்க்காரே வழக்காடியது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கமிஷனின் உத்தரவை உறுதி செய்தது. நாடுகள் ஒன்றுக்கொன்று போட்டியிட்டு வரியைக் குறைத்தால், கம்பெனிகளின் முன் சர்க்கார்கள் எவ்வளவு தாழ்ந்துபோகும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் வாதங்களை நாம் அறியாமலில்லை. பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான கோடி வரி கட்டுகின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் பங்கு என்பது கொடுத்த தொகையைக் கொண்டு மட்டும் அளக்கப்படுவதன்று. கொடுத்தபின் கையில் எவ்வளவு மிஞ்சியது என்பதைக் கொண்டும் அளக்கப்படுவது. கம்பெனிகளின் வரி போக, பங்குதாரரும் லாபப் பங்கின் மீது வரி கட்டுகிறாரே என்பார்கள். 2020 முதல் அப்படியே. அதைக் கணக்கில் சேர்ப்பது நியாயமே. ஆனால் பங்கீடு செய்யப்படாமல் கம்பெனியிலேயே தங்கும் லாபத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. சட்டப்படி நடப்பவர்களைக் குறை கூறலாமா என்றும் கேட்பார்கள். சட்டத்தை மீறுவோரைத் தண்டிக்கக் கோர்ட்டு இருக்கிறது. நாம் கேட்பது சட்டத்தைப் பற்றியே. வலியவருக்கு வாசல்கள் பல வைத்தும் எளியவருக்குச் சுவர் மட்டும் வைத்தும் கட்டப்பட்ட சட்டம், சட்டமாயிருக்கலாம், நீதியாகாது.

மூலதனம் ஓடிவிடும் என்பது கடைசி வாதம். இது 1947-ல் கேட்ட குரலேதான். மூலதனம் வரி விகிதத்தை மட்டும் பார்த்து வருவதில்லை. துறைமுகமும், மின்சாரமும், படித்த தொழிலாளியும், வாங்கச் சக்தியுள்ள ஜனங்களும் இருக்கும் இடத்தையே அது நாடுகிறது. இவற்றை உண்டாக்குவது எது? பொதுஜனங்களின் வரிப் பணமே. சாலையில் லாரி ஓட்டி லாபம் அடைபவன் சாலைக்குக் கொடுக்க மறுத்தால், நாளை அவன் லாரிக்கும் சாலை இராது.

நாம் கோருவது மூன்று. முதலாவது, வெளிச்சம். எந்த நாட்டில் எவ்வளவு லாபம், எவ்வளவு வரி என்ற விவரத்தைப் பெரிய கம்பெனிகள் வருமான வரி இலாகாவுக்கு அளிக்கின்றன. பொதுஜனங்கள் அதைப் பார்ப்பதில்லை. அது பகிரங்கமாக வேண்டும். இரண்டாவது, நிபந்தனை. வேலையும் முதலீடும் பெருகும் என்று சொல்லிப் பெறும் சலுகை, அவை பெருகாவிடில் தானே ரத்தாகும்படி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மூன்றாவது, உறுதி. பெரிய சர்வதேசக் கம்பெனிகள் எங்கிருந்தாலும் நூற்றுக்கு 15 வீதமேனும் வரி கட்டவேண்டும் என்று 2021 அக்டோபரில் 136 நாடுகள் இசைந்தன, இந்தியாவும் இசைந்தது. அந்த உடன்பாடு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா அறிவித்தது. அந்நிய இன்டர்நெட் கம்பெனிகளின் விளம்பர வருவாய் மீது 2016 முதல் நாம் வாங்கி வந்த 6 வீதத் தீர்வையையும் 2025 ஏப்ரல் முதல் தேதியோடு கைவிட்டோம். பலவான் முறைத்தவுடன் பின்வாங்குவது சுயராஜ்யம் பெற்ற தேசத்துக்கு அழகன்று.

தொழில் வளர வேண்டும் என்பதில் நாம் எவருக்கும் பின்வாங்கியவர்கள் அல்லர். நியாயமாகச் சம்பாதித்த லாபத்தின் மீது நமக்குப் பொறாமையும் இல்லை. கேட்பதெல்லாம் கணக்கு. அன்று ஒரு பிடி உப்பை முன்னிட்டு ஒரு சாம்ராஜ்யத்திடம் கணக்குக் கேட்ட ஜனங்கள், இன்று தங்கள் சொந்தப் பார்லிமெண்டிடமும், அது சலுகை அளித்த கம்பெனிகளிடமும் கணக்குக் கேட்கத் தயங்கலாமா? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒவ்வொரு வாக்காளரும் இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: ‘1,45,000 கோடியைக் கொடுத்தீர்களே, தேசத்துக்கு வந்தது என்ன?’ பதில் வரும் வரையில் கேட்கட்டும்.