தலைநகர் பெயர்ந்தது, குளம் பெயரவில்லை

இலங்கையின் பழைய தலைநகரங்கள் யாவை என வினவினால், அநுராதபுரம், பொலன்னறுவை, தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல், கம்பளை, கோட்டை, கண்டி என மாணவர் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுவர். அவை ஏன் பெயர்ந்தன என வினவினாலோ வகுப்பு மௌனமாகிவிடும். நாம் தமிழாசிரியரேயன்றி வரலாற்றாசிரியர் அல்லேம்; எனினும், பெயரைப் பாடமாக்குவித்துக் காரணத்தைக் கைவிட்ட குற்றம் ஆசிரியர் அனைவரையும் சாரும் என்பதே எமது கருத்து.

அநுராதபுரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அரசிருக்கையாய் விளங்கியது. திசாவாவியும் நுவரவாவியும் ஊட்டிய வயல்களே அதன் வலிமை. 993ஆம் ஆண்டளவில் சோழர் படை அந்நகரை அழித்தது. அதன்பின் சோழர் பொலன்னறுவையைத் தம் ஆட்சிப்பீடமாக்கினர். தெற்கே உரோகணத்தில் எழுந்த எதிர்ப்பைத் தடுத்தற்கு, மகாவலிக் கடவைகளுக்கு அணித்தான அவ்விடம் ஏற்றதாயிருந்தது. 1070இல் சோழரை அகற்றிய முதலாம் விசயபாகுவும் அதனையே தலைநகராகக் கொண்டான். பின்னர், 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, பராக்கிரம சமுத்திரத்தால் அந்நகரை வளம்படுத்தினான்.

1215இல் மாகன் படையெடுத்த பின்னர் அரசர் வயலினும் காவலையே பெரிதெனக் கொண்டனர். தம்பதெனியாவிலும் யாப்பகூவாவிலும் பாறையே அரணாயிற்று. கோட்டை, கறுவா வணிகம் நிகழ்ந்த கொழும்புத் துறையை அடுத்து எழுந்தது. கரையோரம் அந்நியர் கைப்பட, மலைசூழ் கண்டியே 1815 வரை தாங்கி நின்றது. அதன்பின் தீவு முழுவதற்கும் கொழும்பு தலைநகராயிற்று. 1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்குப் பெயர்ந்த போதிலும், வணிகத்தின் தலைமை கொழும்பை விட்டு நீங்கவில்லை.

இவ்வரிசைக்கு ஒரு குறையும் உண்டு. தெற்கிலே தலைநகர் இவ்வாறு இடம்மாறிய காலத்திலேயே, வடக்கில் யாழ்ப்பாண அரசுக்கு நல்லூர் இராசதானியாயிருந்தது. 1619இல் போர்த்துக்கேயர் அவ்வரசைக் கைப்பற்றினர்; பின்பு ஆட்சிப்பீடத்தைக் கடலோரத்துக்கு மாற்றினர். ஒரு காலத்துக்கு ஒரு தலைநகரே எனப் படிக்கும் மாணவன், இத்தீவின் வரலாற்றிற் பாதியையே அறிகின்றான்.

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? அரசு செல்லுமிடத்துக்கு அமைச்சரும் படைஞரும் வணிகரும் சென்றனர். மாளிகைகள் பாழாயின. பராக்கிரம சமுத்திரமோ இன்றும் வயலுக்கு நீர் பாய்ச்சுகின்றது. பேணுவாரற்ற குளங்களைக் காடு மூடிற்று, பேணப்பட்டவை உயிரோடிருக்கின்றன.

பழைய மாணவர்காள்! உங்களுட் பலர் தொழில் நாடித் தலைநகருக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றுள்ளீர்கள். அது குற்றமன்று, பொருள் உள்ளவிடத்தை நாடுதல் உலகியற்கை. ஆயின், நீங்கள் விட்டுச்சென்ற ஊரின் குளத்தைத் தூர்வாருவார் யார்? வாசிகசாலையைத் திறந்துவைப்பார் யார்? கல்லூரிக்குக் கட்டடம் அளிப்பதோடு இவற்றையும் ஒருமுறை நினைவிற் கொள்ளுங்கள். தலைநகர் இன்னும் எத்தனை முறை பெயருமோ, நாம் அறியோம். நீர் நிற்கும் ஊரிலேதான் குடி நிற்கும் என்பதை மட்டும் அறிவோம்.