பணம் கதவைத் தட்டியது. பையன் கல்லூரிக்குப் போனான்!

ஒரு வீட்டில் 19 வயதுப் பையன் இருக்கிறான். கல்லூரியில் முதல் வருடம் முடித்திருக்கிறான். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய வேலை அவனைத் தேடி வருகிறது. சம்பளம் லட்சக்கணக்கில்! பெயரும் புகழும் கடல் கடந்து பரவும்!

அந்த வீட்டில் என்ன நடக்கும்?

"சீதேவி வாசலுக்கு வந்திருக்கிறாள். போ என்று சொல்லாதே!" என்பார் தாயார். "படிப்பை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்" என்பார் தந்தை. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று பக்கத்து வீட்டுக்காரரும் எடுத்துக் கொடுப்பார்.

2018-ம் ஆண்டில் கனடா நாட்டு வாலிபர் ஒருவருக்கு இந்த நிலைமை வந்தது. அவர் பெயர் கேல் மகார். "ஐஸ் ஆக்கி" ஆட்டக்காரர். அவர் பணத்தைத் தேடி ஓடவில்லை. புத்தகப் பையை எடுத்துக் கொண்டு மறுபடியும் கல்லூரிக்கே போனார்!

அது அசட்டுத்தனமா? புத்திசாலித்தனமா?

புத்திசாலித்தனம்தான். அவருடைய கதையே அதற்குச் சாட்சி.

பனிக்கட்டி மீது ஆட்டம்

ஐஸ் ஆக்கி, புல்தரையில் ஆடும் ஆக்கியைப் போன்றதுதான். ஆனால் தரை முழுவதும் பனிக்கட்டி! 200 அடி நீளம், 85 அடி அகலம். ஆட்டக்காரர்கள் காலில் கத்தி போன்ற இரும்பு பொருத்திய சப்பாத்து அணிந்து வழுக்கிக் கொண்டே ஓடுவார்கள். பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வட்டு. அதன் குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம்.

ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். கோல் காப்பவர் ஒருவர். முன்னால் நின்று தாக்குபவர்கள் மூன்று பேர். தடுப்பு ஆட்டக்காரர்கள் இரண்டு பேர். மகார் தடுப்பு ஆட்டக்காரர்.

இந்த வேலை மிகவும் கடினமானது. எதிரி முழு வேகத்தில் பாய்ந்து வருவான். தடுப்பவரோ அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக வழுக்கிச் செல்ல வேண்டும். முன்னால் நிற்பவர் தவறினால், பின்னால் திருத்துவதற்கு ஆள் உண்டு. தடுப்பவர் தவறினால் பெரும்பாலும் கோல்தான்! அதனால் இந்த இடத்துக்கு வருகிறவருக்கு உடல் பலம் மட்டும் போதாது. பக்குவமும் வேண்டும். பக்குவம் ஒரே நாளில் வராது.

162 பேருக்குப் பின்னால்!

மகார் 1998-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி கனடாவின் கால்கரி நகரில் பிறந்தார். கனடாவில் சிறுவர்களை 14, 15 வயதிலேயே பொறுக்கி எடுக்கும் வழக்கம் உண்டு. 2013-ம் ஆண்டில் மேற்குக் கனடாவின் பெரிய இளைஞர் குழுக்கள் கூடி ஆள் எடுத்தன. 162 பையன்களை எடுத்த பிறகுதான் மகாரின் பெயர் வந்தது! அப்போது அவர் சிறிய உருவம்.

அப்பொழுதே அவர் முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, அந்தப் பெரிய இளைஞர் குழுவில் சேருவது. அது பெயர் பெற்ற பாதை. ஆனால் அதில் ஓர் ஆட்டம் ஆடினாலும், அமெரிக்கக் கல்லூரிக் குழுக்களில் ஆட முடியாது. அந்தக் காலத்து விதி அப்படி. (2025 ஆகஸ்டு முதல் இந்த விதி தளர்த்தப்பட்டது.) இன்னொன்று, சிறிய போட்டிகளில் ஆடிக் கொண்டு கல்லூரிக்காகக் காத்திருப்பது.

மகார் இரண்டாவது பாதையில் போனார். ஆல்பர்ட்டா மாநிலத்தில் புரூக்ஸ் என்ற சிறிய ஊர். அந்த ஊர்க் குழுவில் சேர்ந்தார். 2016-17 பருவத்தில் 54 ஆட்டங்களில் 24 கோல் போட்டார். மேலும் 51 கோல்களுக்கு உதவி செய்தார். தடுப்பு ஆட்டக்காரர் இத்தனை கோல் போட்டது எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது.

2017 ஜூன் மாதம் தேசிய ஆக்கி லீக் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது. உலகத்திலேயே பெரிய ஐஸ் ஆக்கிப் போட்டி அதுதான். கொலராடோ குழு மகாரை நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. நாலு வருடத்துக்கு முன் 163-வது ஆள்; இப்போது நான்காவது ஆள்!

தோற்ற குழுவில் சேர்ந்தார்

இந்த நிலையிலும் மகார் அவசரப்படவில்லை. அமெரிக்காவில் உள்ள மாஸசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆம்ஹர்ஸ்ட் நகரில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆக்கிக் குழு அப்போது எப்படி இருந்தது தெரியுமா? 2016-17 பருவத்தில் ஐந்தே ஐந்து வெற்றி! 29 தோல்வி! இரண்டு ஆட்டம் வெற்றி தோல்வி இல்லை.

கிரெக் கார்வல் என்ற பயிற்சியாளர் 2016-ல் பொறுப்பேற்று, அந்தக் குழுவைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டுக் கொண்டிருந்தார்.

முதல் வருடத்தில் மகார் பிரமாதமாக ஒன்றும் செய்துவிடவில்லை. 34 ஆட்டங்கள், ஐந்து கோல், 16 உதவி. குழுவுக்கு 17 வெற்றி, 20 தோல்வி. ஆனாலும் முன்னேற்றம் தெரிந்தது. இடையில் 20 வயதுக்கு உட்பட்டோரின் உலகப் போட்டியில் கனடாவுக்காக ஆடித் தங்கப் பதக்கம் பெற்றார். 2018 குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்துக்கும் கனடா அவரை அழைத்தது. "கல்லூரிக் குழுவோடு இருக்கிறேன்" என்று அந்த அழைப்பை ஏற்காமல் இருந்துவிட்டார்!

பிறகுதான் பெரிய சோதனை வந்தது. கொலராடோவின் கதவு திறந்திருந்தது. அந்தக் காலத்தில் புதிய ஆட்டக்காரருக்கு ஆண்டுக்கு 9 லட்சத்து 25 ஆயிரம் டாலர் வரை சம்பளம் கொடுக்க லீக் விதி இடம் தந்தது. மகார் யோசித்தார். கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் இருப்பது என்று முடிவு செய்தார்.

அந்த ஒரு வருடம் என்ன செய்தது?

கல்லூரிக் குழுக்கள் பெரும்பாலும் வெள்ளி, சனிக்கிழமைகளில்தான் ஆடும். மற்ற நாட்களில் பயிற்சி. உடலை வளர்க்க நேரம் உண்டு. தவறைத் திருத்தவும் நேரம் உண்டு. தேசிய லீக்கிலோ அப்போது ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள்! இன்று ஓர் ஊர், நாளை மறுநாள் வேறு ஊர். எதிரே நிற்பவர்களும் 25, 30 வயது முற்றிய ஆட்டக்காரர்கள். அங்கே கற்றுக் கொள்ள நேரம் குறைவு. கற்றுக் கொண்டு போகிறவன் பிழைப்பான்.

இரண்டாவது வருடத்தில் மகார் 41 ஆட்டங்களில் 16 கோல் போட்டார். 33 கோல்களுக்கு உதவினார். முதல் வருடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! குழுவோ 31 ஆட்டங்களில் வென்றது. ஐந்து வெற்றி எங்கே? 31 வெற்றி எங்கே?

மறக்க முடியாத ஐந்து நாட்கள்

2019 ஏப்ரல் 11: கல்லூரிகளின் தேசியப் போட்டியில் அரை இறுதி. கூடுதல் நேரம் வரை போராடி, டென்வர் பல்கலைக்கழகத்தை 4-3 என்ற கணக்கில் மாஸசூசெட்ஸ் குழு தோற்கடித்தது.

ஏப்ரல் 12: நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு உரிய "ஹோபி பேக்கர்" விருது மகாருக்குக் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

ஏப்ரல் 13: இறுதி ஆட்டம். மினசோட்டா-துலூத் குழுவிடம் 3-0 என்று தோல்வி! கோப்பை கை நழுவியது.

ஏப்ரல் 14: கொலராடோவுடன் ஒப்பந்தம்.

ஏப்ரல் 15: தேசிய லீக்கில் முதல் ஆட்டம். அதுவும் சாதாரண ஆட்டம் அல்ல. கோப்பைக்கான வெளியேற்றச் சுற்று! எதிரிகள் யார்? அவர் பிறந்த கால்கரி நகரத்தின் குழு! அந்த ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே மகார் கோல் போட்டார். கொலராடோ 6-2 என்று வென்றது.

இரண்டு நாளைக்கு முன் தோற்றுத் தலை குனிந்து நின்ற கல்லூரி மாணவர்தானா இவர் என்று கண்டவர்கள் வியந்தார்கள்.

பிறகு பரிசுகள் வரிசையாக வந்தன. 2020-ல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது. 2022-ல் சிறந்த தடுப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் விருது. அதே ஆண்டில் கொலராடோவுக்கு ஸ்டான்லி கோப்பை. கோப்பைச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் என்ற கான் ஸ்மைத் விருதும் மகாருக்கே! நோரிஸ், கான் ஸ்மைத் இரண்டையும் ஒரே ஆண்டில் பெற்றவர்கள் அதற்கு முன் இரண்டே பேர்: பாபி ஓர், நிக்லஸ் லிட்ஸ்ட்ராம்.

மறுத்துப் பேசுகிறவர்கள்

"எல்லோருக்கும் இது பொருந்துமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சிட்னி கிராஸ்பி என்ற கனடா ஆட்டக்காரர் 18 வயதிலேயே தேசிய லீக்குக்கு வந்தார். 2005-06 பருவத்தில், முதல் வருடத்திலேயே, கோலும் உதவியுமாக 102 எடுத்தார்! அவர் காத்திருந்திருக்க வேண்டியதே இல்லை. ஆனால் அவர் முன்வரிசையில் தாக்குபவர். தடுப்பு ஆட்டம் வேறு. 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுகளில் நோரிஸ் விருது பெற்றவர்களைப் பாருங்கள். 2021-ல் ஆடம் பாக்ஸ். ஹார்வர்டில் மூன்று வருடம் ஆடியவர். 2022-லும் 2025-லும் மகார். 2024-ல் குவின் ஹியூஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடியவர். 2023-ல் மட்டும் சுவீடன் நாட்டு எரிக் கார்ல்சன். ஐந்தில் நான்கு விருது கல்லூரியில் காத்திருந்தவர்களுக்கு!

"காத்திருக்கும்போது காலை முறித்துக் கொண்டால்?" அது உண்மையான பயம். மகார் அந்த ஆபத்தை ஏற்றுக் கொண்டுதான் ஆடினார். ஆனால் வேறொரு பயம் அவருக்கு இல்லை. அந்தக் காலத்து விதிப்படி, தேர்ந்தெடுத்த கல்லூரி ஆட்டக்காரர் மீது கிளப்புக்கு இருந்த உரிமை, படிப்புக் காலம் முடியும் வரை நீடித்தது. ஒரு வருடத்தில் அந்தக் கதவு மூடிவிடவில்லை.

"வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே?" இதற்குத்தான் எளிதில் பதில் சொல்ல முடியாது. அன்றாடச் செலவுக்கே திண்டாடும் குடும்பத்துப் பையன் வேலைக்குப் போவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. காத்திருப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மகார் நான்கு வருடப் படிப்பை முடித்துவிட்டுப் போகவில்லை. இரண்டு வருடத்தில் கிளம்பிவிட்டார். ஆகவே, "பட்டம் வாங்கினால்தான் மனிதன்" என்பதற்கு அவர் உதாரணம் அல்ல. தயாரான பிறகு அவர் ஒரு நாள் கூடத் தாமதிக்கவில்லை. தயாராகும் வரை ஒரு நாள் கூட அவசரப்படவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய புத்திசாலித்தனம்!

பெற்றோர் கவனத்துக்கு

சும்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பது காத்திருப்பது ஆகாது. மகார் காத்திருந்த வருடத்தில் 41 ஆட்டம் ஆடினார். தோற்ற குழுவைத் தோளில் சுமந்தார். தானும் வளர்ந்தார்; தன்னோடு இருந்தவர்களையும் வளர்த்தார். அவர் போன பிறகு, 2021-ல், அதே மாஸசூசெட்ஸ் குழு 5-0 என்று வென்று தேசியக் கோப்பையைப் பெற்றது!

பிள்ளைக்குப் பெரிய வாய்ப்பு வரும்போது பெற்றோர், "எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். "இவன் தயாராகிவிட்டானா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் தெரிந்தவன் பிள்ளைதான். அவன் "இன்னும் ஒரு வருடம்" என்று சொன்னால், அது பயமா, பக்குவமா என்று பொறுமையாக விசாரிக்க வேண்டும். பக்குவம் என்றால், குறுக்கே நிற்கக் கூடாது.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்பது பழமொழி. "ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்பதும் பழமொழிதான். 19 வயதில் மகார் இரண்டாவது பழமொழிப்படி நடந்தார். வாயும் வேகவில்லை, கஞ்சியும் கெடவில்லை!