பட்டாளமும் மீட்பு வேலையும்

பூகம்பமோ வெள்ளமோ வந்துவிட்டால் "பட்டாளத்தைக் கூப்பிடு" என்று கூச்சலிடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. கூப்பிடட்டும். ஆனால் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவனுக்கு இடிபாட்டுக்குள் கிடப்பவனை எடுக்கவும் தெரிந்திருக்கும் என்று நினைப்பது, ஆடு வெட்டத் தெரிந்தவனுக்கு ரண வைத்தியமும் தெரியும் என்று நினைப்பதற்குச் சமானமாகும்.

இடிந்த வீட்டுக்குள் ஒருவன், தொடைமேல் தூண் விழுந்து பல மணி நேரமாகக் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பத்து சிப்பாய்கள் ஓடிவந்து தூணைத் தூக்கி எறிந்தால் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் நசுங்கிய தசையில் தேங்கி நின்ற பொட்டாசியம் முதலிய சத்துக்கள் ஒரேயடியாய் இரத்தத்தில் கலந்து, அதுவரை பேசிக்கொண்டிருந்தவன் இருதயம் நின்று சாகக்கூடும். தூணை அசைப்பதற்கு முன்பே இரத்தக் குழாய் வழியாக உப்பு நீர் ஏற்ற வேண்டும். இது தெரியாதவர்கள் "அவன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிப் பிணத்தைச் சுமந்து போவார்கள். உப்பு நீர் ஏற்றத் தெரிந்தவன் ஒருவன் அங்கே இருந்திருந்தால் அந்த விதி என்ன செய்திருக்கும் என்று கேட்கிறோம்.

இன்னும் உண்டு. எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, வாயை மூடி, உள்ளிருந்து தட்டும் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். சாய்ந்த சுவருக்கு மரமுட்டுக் கொடுத்த பிறகே உள்ளே தலையை நீட்ட வேண்டும். இவ்வளவும் வருஷக்கணக்கில் பழகினால்தான் கைக்கு வரும்.

2001 ஜனவரி 26 காலை, குடியரசு தின அணிவகுப்புகளின் நேரத்தில், குஜராத்தில் பூமி நடுங்கிப் பல ஆயிரம்பேர் மாண்டார்கள். அணிவகுக்கப் பட்டாளம் இருந்தது. இந்த வேலைக்கென்றே பழகிய படை இருக்கவில்லை. வெளிநாட்டார் மோப்ப நாய்களோடு வந்து தேடினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகே 2005-இல் சட்டமும், 2006-இல் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை முதலியவற்றிலிருந்து ஆட்களை எடுத்தார்கள். இதிலும் ஒரு வேடிக்கை! 2008 பிப்ரவரியில் விதிகள் வரும் வரையில் இவர்களையே வழக்கமான சட்டம் ஒழுங்கு வேலைக்கும் அனுப்பிவந்தார்கள். ஒரே ஆள் இன்று தடி பிடிக்க வேண்டும், நாளை பிழைத்திருப்பவரைத் தேட வேண்டும்!

இன்று அப்படையில் 16 பட்டாலியன்கள் இருக்கின்றன. நான்காவது நம் அரக்கோணத்தில் இருக்கிறது. குழுவுக்குக் குழு என்ஜினீயர், மின்சார வேலைக்காரர், வைத்திய உதவியாளர், மோப்ப நாய் எல்லாம் உண்டு. மெச்சத்தக்க ஏற்பாடுதான்.

ஆனால் அரக்கோணத்திலிருந்து நீலகிரிக்கு லாரி போய்ச் சேர எத்தனை மணி? 1995-இல் ஜப்பானில் கோபே நகரம் இடிந்தபோது, உயிரோடு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை எடுத்தவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாருமே. அவர்கள் கையில் ஜாக்கியும் கடப்பாரையும் கொஞ்சம் பயிற்சியும் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

2023 நவம்பரில் உத்தரகண்டில் சில்க்யாரா சுரங்கம் இடிந்து 41 தொழிலாளிகள் 17 நாள் உள்ளே அடைபட்டார்கள். பட்டாள என்ஜினீயர்களும் மீட்புப் படையும் வந்தார்கள். பெரிய துளை இயந்திரம் உடைந்தது. கடைசி சில மீட்டரைக் கையால் தோண்டி வழி திறந்தவர்கள், எலி வளைபோல் பொந்து தோண்டிப் பிழைக்கிற கூலித் தொழிலாளிகள். அப்பேர்ப்பட்டவர்களைக் கூப்பிட்டு ஒருநாள் மாலை போட்டுவிட்டு மறுநாள் மறந்துவிடுவது பெரிய மனிதர்களின் மரியாதை. நாம் கேட்பது வேறு. அவர்களை மீட்புப் படைக்கு வாத்தியார்களாக வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

தாலுகாதோறும் தீயணைப்புக்காரர், போலீசார், கொத்தனார், சித்தாள், மீனவர் எல்லோருக்கும், பெண்கள் உட்பட, அரக்கோணத்துப் படையினர் இவ்வித்தையைக் கற்றுக் கொடுக்கவேண்டும். ஜாக்கி, மரமுட்டு, கான்கிரீட் வெட்டும் கருவி, உப்பு நீர்ப் புட்டி ஆகியவை தாலுகா கச்சேரியிலேயே இருக்கவேண்டும். அவை வைக்கும் அறையின் சாவி இரவு இரண்டு மணிக்கு யாரிடம் இருக்கும் என்பதையும் இப்பொழுதே எழுதி வைக்கட்டும்.