இறைச்சி மாநில எல்லையைத் தாண்டியதால் கிடைத்த உரிமை

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்காம் நகரில் 'ஆலீஸ் பார்பிக்யூ' என்றொரு உணவகம். 220 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். அங்கே வேலை பார்த்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்கள். ஆனால் சாப்பிட வரும் கறுப்பினத்தவருக்கு உள்ளே இருக்கை கிடையாது, பார்சல் மட்டும்தான். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

1964இல் வந்த சிவில் உரிமைகள் சட்டம் இதைத் தடை செய்தது. கடைக்காரர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. என் ஆய்வுக்காக அந்தத் தீர்ப்பைப் படித்தபோது என்னை நிறுத்தியது ஒரு கணக்கு: அக்கடை ஓராண்டில் வாங்கிய சுமார் 1,50,000 டாலர் உணவுப் பொருளில் 69,683 டாலருக்கான இறைச்சி வெளிமாநிலத்திலிருந்து வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு; ஆகவே சட்டம் செல்லும். மனிதரின் மாண்பு அல்ல, மாட்டின் பயணம்தான் வழக்கை வென்றது!

இந்தச் சுற்றுவழி ஏன்? நேர்வழியை 1883இலேயே அதே நீதிமன்றம் அடைத்துவிட்டது. விடுதி, நாடக அரங்கு, ரயில் ஆகியவற்றில் நிறவேற்றுமை கூடாது என்று 1875இல் ஒரு சட்டம் இருந்தது. எட்டு நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். சட்டத்தின் சமப் பாதுகாப்பை எந்த 'மாநிலமும்' மறுக்கக் கூடாது என்றுதான் 14ஆவது திருத்தம் சொல்கிறதாம். விடுதிக்காரர் மாநிலம் இல்லையாம். எதிர்த்து எழுதியவர் ஹார்லன் ஒருவரே. அடிமைகளை வைத்திருந்த கென்டக்கிக் குடும்பத்தில் பிறந்தவர். பொதுமக்களுக்காக நடக்கும் விடுதியும் ரயிலும் வெறும் தனிச்சொத்து அல்ல, அங்கே மறுக்கப்படும் இடம் அடிமைமுறையின் எச்சம் என்றார் அவர்.

ஒடுக்குமுறை அரசாணையாக மட்டுமா வருகிறது? அது கல்லாப்பெட்டிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். அண்ணல் அம்பேத்கர் இதை நன்கு அறிந்தவர். 1930 வட்டமேசை மாநாட்டில் அவரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து அளித்த பாதுகாப்புத் திட்டத்தில், அமெரிக்க நீதிமன்றம் சாகடித்த அதே 1875 சட்டம் முன்மாதிரியாகக் காட்டப்பட்டிருக்கிறது. நமது அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தீண்டாமையைக் கடைப்பிடிப்பது அரசா தனிமனிதரா என்று பார்ப்பதில்லை. கடை, உணவகம், கிணறு, குளம் என்று 15(2) பெயர் சொல்லியே பேசுகிறது. (எழுத்தில் இருப்பது ஊரில் இருக்கிறதா என்பது வேறு சண்டை.)

குடிமக்களின் கடமை என்றால் சட்டத்துக்குப் பணிவது, வரி கட்டுவது, ஜூரியாகப் போய் உட்காருவது என்று அடுக்குவார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்போரோ வூல்வொர்த் கடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான உணவு மேசையில் உட்கார்ந்தார்கள். காபி கேட்டார்கள். தரவில்லை. எழுந்திருக்கவும் மறுத்தார்கள். அந்தப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆனால் இப்படி உட்கார்ந்தவர்கள் இல்லாமல் 1964 சட்டம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

சரி, அதெல்லாம் பழைய கதைதானே என்று கேட்கலாம். 1883 தீர்ப்பு இன்றுவரை மாற்றி எழுதப்படவில்லை. பாலின வன்முறைக்கு ஆளான பெண்கள் குற்றவாளிமீது ஒன்றிய நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க வழிசெய்த சட்டப்பிரிவு ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டு, ஒரு பல்கலைக்கழக மாணவி அதன்படி தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் 1883ஐ மேற்கோள் காட்டி அந்தப் பிரிவையே நீக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் தனிநபர்கள், மாநிலம் அல்ல என்பது அதற்குச் சொன்ன ஒரு காரணம். இன்னொரு காரணம், பாலின வன்முறை வணிகம் அல்ல என்பது.