ரிப்பேர் பார்த்த கார் மறுநாளே படுத்தால் யார் பொறுப்பு? சட்டம் இருக்கு, சீட்டு இருக்கா?

படாளம்

காசு கொடுத்து ரிப்பேர் பார்த்த கார், பட்டறையை விட்டு வந்த மறுநாளே நடுரோட்டில் நின்றால் நஷ்டஈடு கேட்க முடியுமா? முடியும். சட்டத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் கேட்கப் போகிறவர் கையில் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி மாமண்டூரை விட்டால் அடுத்தது படாளம் கூட்ரோடு. வேடந்தாங்கலுக்குத் திரும்புகிற இடம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் லாரி, டிராக்டர், திண்டிவனம் பக்கம் போகும் பஸ், வாடகை டாக்சி, குடும்பத்தோடு ஊருக்குப் போகும் சொந்தக் கார் என்று எல்லாம் ஓடுகிற ரோடு இது. பொங்கல், தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். இந்த ரோட்டில் ஒரு வண்டி பானட்டைத் திறந்து புகை விட்டு நிற்பது தினசரிக் காட்சி. நிற்கிற வண்டியில் "போன வாரம்தான் வேலை பார்த்தோம்" என்கிற வண்டியும் இருக்கும்.

நூறு ரூபாய் கிளிப், நாற்பதாயிரம் நஷ்டம்!

இது எப்படி நடக்கிறது? ஒரு உதாரணம். ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகுகிறது என்று வண்டியை விடுகிறீர்கள். ஹோஸ் பைப்பை மாற்றுகிறார்கள். கிளிப்பைச் சரியாக முடுக்கவில்லை. உள்ளூரில் ஓட்டினால் தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி ஒரு மணி நேரம் மிதித்தால் கூலன்ட் பூராவும் போய்விடும். என்ஜின் சூடாகும். ஹெட் கேஸ்கட் போகும். ஹெட்டே வளைந்து போனால் லேத்துக்குக் கொடுத்து பேஸ் எடுக்க வேண்டும். நூறு ரூபாய் கிளிப்பில் ஆரம்பித்தது நாற்பதாயிரம் ரூபாயில் வந்து நிற்கும்.

திரும்பிப் போய்க் கேட்டால் வரும் பதில் எல்லாருக்கும் மனப்பாடம்.

"நாங்க பார்த்தது ஹோஸ் மட்டும்தான் சார். கேஸ்கட்டு உங்க வண்டியில பழசு."

"மீட்டர்ல சூடு ஏறும்போதே ஆஃப் பண்ணியிருக்கணும். ஓட்டினது உங்க தப்பு."

இரண்டாவது பதிலைத் தள்ளிவிட முடியாது. சிவப்பு லைட் எரிந்த பிறகும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் நஷ்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆகவே சந்தேகம் வந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டுவது உயிருக்கும் நல்லது. பின்னால் கேஸுக்கும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1986-ல். அதற்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் போட்டார்கள். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையில் குறை இருந்தால் அது "சேவைக் குறைபாடு". மரத்தடி மெக்கானிக் ஆனாலும், கண்ணாடி போட்ட ஷோரூம் ஆனாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

புதுச் சட்டத்தில் இன்னொரு வசதியும் சேர்ந்திருக்கிறது. ஒரு பொருளுக்குச் சர்வீஸ் செய்கிறவர், குறையாக வேலை செய்து அதனால் ஒருவருக்குக் காயமோ, வேறு சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால், அதற்கும் அவர் பொறுப்பு. இதைச் சொல்வது 85-வது பிரிவு. பிரேக் வேலை பார்த்த வண்டி பிரேக் பிடிக்காமல் போய் ஒரு பெட்டிக்கடையில் மோதினால், பேச்சு வண்டி பில்லோடு முடியாது. கடைச் சேதமும் கணக்கில் வரும்.

இதெல்லாம் வருவதற்கு முன்பே 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. அடுத்தவர் பொருளை வாங்கி வைத்துக்கொள்பவர், தன் பொருளைப் போல அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. பட்டறையில் விட்ட கார் அந்தக் கணக்கில்தான் சேரும்.

"வண்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று போர்டு மாட்டிவிட்டால் தப்பிக்கலாமா? டில்லி தாஜ் மகால் ஹோட்டல் வழக்கைப் பார்க்க வேண்டும். 1998-ல் ஹோட்டலுக்கு வந்தவர், பார்க்கிங் ஆளிடம் கார் சாவியைக் கொடுத்தார். கார் திருட்டுப் போனது. "ஓனர் பொறுப்பில் விடப்படுகிறது" என்று டோக்கனில் அச்சடித்திருந்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. சாவியை வாங்கிய பிறகு கவனக்குறைவாக இருந்துவிட்டு, சீட்டில் அச்சடித்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அது பார்க்கிங் விவகாரம்தான். ஆனால் சாவி கை மாறினால் பொறுப்பும் கை மாறும் என்பது பட்டறைக்காரருக்கும் ஒரு எச்சரிக்கை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜி.எஸ்.டி. பில் இல்லை!

இனிதான் சிக்கல். "பில் வேணும்னா வரி தனி சார். வேண்டாம்னா இவ்வளவு கொடுங்க போதும்" என்பது எல்லா ஊர்ப் பட்டறையிலும் உள்ள பேரம். மிச்சமாகிறதே என்று நாமும் தலையாட்டுகிறோம். வெள்ளைத் தாளில் நாலு வரி. கீழே கையெழுத்து இல்லை. கடைப் பேரும் இல்லை. அந்த நிமிஷமே பாதிக் கேஸ் போச்சு!

ஏன்? குறையை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு புகார் கொடுப்பவர் தலையில்தான் இருக்கிறது. 2021-ல் ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. எந்தப் பட்டறை, என்ன வேலை, எந்தத் தேதி, எவ்வளவு பணம் என்று காட்ட முடியாதவர் மேற்கொண்டு எதை நிரூபிப்பது?

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. பில் தராததே இப்போது சட்டப்படி தவறான வியாபார முறை! பொருளுக்கோ சேவைக்கோ ரசீது தர மறுப்பதை "நேர்மையற்ற வணிக நடைமுறை" என்று 2019 சட்டம் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. ஆக, பில் கேட்பது நமது உரிமை. அதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டு அப்புறம் புலம்பிப் பயனில்லை.

பில் இல்லாதவர் கதி அதோகதிதானா? அப்படியும் இல்லை. போனில் பணம் அனுப்பியிருந்தால் தேதியும் தொகையும் வங்கிக் கணக்கில் இருக்கும். "வண்டி ரெடி சார், வாங்க" என்று மெக்கானிக் வாட்ஸ்அப்பில் போட்ட செய்தியும் சாட்சிதான். அழித்துவிடாதீர்கள்.

வண்டியை உடனே பிரிக்காதீர்கள்

கார் நின்ற ஆத்திரத்தில் பலரும் செய்யும் தப்பு, நேராக அடுத்த மெக்கானிக்கிடம் இழுத்துப் போய்ப் பிரித்துவிடுவது. பிரித்த பிறகு பழைய மெக்கானிக் செய்த குறையை எப்படிக் காட்டுவது? "அவன் பிரிச்சதிலதான் கெட்டுப்போச்சு" என்று இவர் சொல்வார்.

செய்ய வேண்டியது இது. வண்டி நின்ற இடத்திலேயே கிலோமீட்டர் மீட்டரோடு போட்டோ, வீடியோ எடுங்கள். பழைய பட்டறைக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். வந்து பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள். வரவில்லை என்றால், விஷயம் தெரிந்த பொறியாளரையோ, இன்சூரன்ஸ் சர்வேயரையோ வைத்து என்ன குறை, எதனால் வந்தது என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். டூப்ளிகேட் ஸ்பேர் போட்டார்களா என்பதை அந்தப் பை சொல்லும்.

விபத்து என்று ஆகிவிட்டால் வேறு கதை. போலீஸ் முதலில் தேடுவது டிரைவரைத்தான், மெக்கானிக்கை அல்ல. "பிரேக் பிடிக்கலை" என்று டிரைவர் சொன்னால் மட்டும் போதாது. விபத்து வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் சோதித்துக் கொடுக்கும் அறிக்கையில் அது வர வேண்டும். அந்த அறிக்கையின் நகலை வாங்கத் தவறாதீர்கள். நஷ்டஈட்டுக் கேஸில் அதைவிடப் பலமான காகிதம் கிடைக்காது.

பணம் கொடுத்தால்தான் வண்டியா?

வேலை சரியில்லை என்று தகராறு வந்தால், "காசை வைத்துவிட்டு வண்டியை எடு" என்பார் பட்டறைக்காரர். உழைத்த கூலி வரும் வரை வண்டியைப் பிடித்து வைக்க அவருக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு அதைத் தருகிறது. அடிதடியில் இறங்கினால் நாம்தான் ஸ்டேஷனில் உட்கார வேண்டி வரும். "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்" என்று பில்லில் எழுதிப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு, அப்புறம் கேஸ் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

டாக்சி டிரைவர் கேஸ் போடலாமா?

"நீ வியாபாரத்துக்கு வண்டி ஓட்டுறே, நுகர்வோர் இல்லை" என்று டாக்சிக்காரர்களை மடக்குவது வழக்கம். கவலை வேண்டாம். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1995-ல் உச்சநீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர்தான். பல வண்டி வாங்கிச் சம்பளத்துக்கு ஆள் போட்டு லாபத்துக்கு ஓட்டும் முதலாளிக்குத்தான் சிக்கல். வண்டி நின்றால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம் என்கிற டிரைவருக்கு இந்தத் தீர்ப்பு பெரிய துணை.

எவ்வளவு கேட்கலாம்?

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மறு ரிப்பேர் 42,000 ரூபாய். வண்டியை இழுத்து வந்த செலவு 4,000. ஐந்து நாள் வேறு வண்டி வாடகை 7,500. மொத்தம் 53,500. இதற்கு மேல் மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்கலாம். பழைய பில் பணமும் முழுசாக வேண்டும், மறு ரிப்பேர் பணமும் முழுசாக வேண்டும் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிப்பார். ரசீது உள்ள நஷ்டத்தைக் கேட்பவருக்குத்தான் மரியாதை. "புதுக் காரே கொடு" என்பதும் சுலபத்தில் நடக்காது. 2006-ல் மாருதி கம்பெனி வழக்கில், வாரண்டிப்படி கெட்டுப்போன பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் கம்பெனியின் கடமை, காரையே மாற்றித் தர வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் சொன்னது.

யார் மீது போடுவது என்பதிலும் கவனம் தேவை. ஷோரூம் செய்த தப்புக்குக் கார் கம்பெனி தானாகவே பொறுப்பாகிவிடாது என்று 2021-ல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. வேலை பார்த்த பட்டறையை விட்டுவிட்டுக் கம்பெனியை மட்டும் துரத்தினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டி வரும்.

எங்கே போவது?

முதலில் 1915-க்குப் போன் போடலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பேசியே தீருகிற கேஸும் உண்டு. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். படாளம், மதுராந்தகம் பக்கத்துக்காரர்களுக்கு அது செங்கல்பட்டில் இருக்கிறது. பட்டறை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே கேஸ் போடலாம். இதுவும் 2019 சட்டம் தந்த வசதி. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே பேசலாம். குறை தெரிந்ததில் இருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் தரலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-ல் உச்சநீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உத்தரவு போட்டும் பணம் தராதவருக்கு 3 வருஷம் வரை ஜெயில் கூட உண்டு.

ஆனால் ஒன்று. 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இருந்தாலும், நடைமுறையில் வாய்தா இழுக்கிறது. நுகர்வோர் ஆணையங்களில் காலி நாற்காலிகள் கிடப்பதைப் பார்த்து 2021-ல் உச்சநீதிமன்றமே தானாக வழக்கு எடுக்க வேண்டி வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்காகப் பத்துத் தடவை லீவு போட எந்த குமாஸ்தாவால் முடியும்? கடையைப் பூட்டிவிட்டு எந்தக் கடைக்காரர் வருவார்? தப்புச் செய்த பட்டறைக்குப் பெரிய பாதுகாப்பே இந்தத் தாமதம்தான். சமரசப் பேச்சுக்கும் புதுச் சட்டத்தில் வழி இருக்கிறது. சின்னத் தொகைக்கு அதுவே மேல்.

மெக்கானிக் பக்கத்து நியாயம்

எல்லா மெக்கானிக்கும் மோசம் என்று சொல்வதற்கில்லை. நடுராத்திரி போன் போட்டாலும் டார்ச் லைட்டோடு வந்து நிற்பவர்கள் அவர்கள்தான். "பிரேக் ஷூ மாத்தணும்" என்று அவர் சொல்ல, "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று நாம் சொல்லிவிட்டு, பிறகு அவரையே குறை சொல்வதும் நடக்கிறது. என்ன மாற்றச் சொன்னார், நாம் எதை வேண்டாம் என்றோம் என்பதை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் முதலில் காப்பாற்றப்படுவது நல்ல மெக்கானிக்தான். சீட்டு எழுதப் பயப்படும் பட்டறையைக் கண்டால்தான் வண்டிக்காரர் பயப்பட வேண்டும்.

வரியில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், வண்டி நடுவழியில் நிற்கும்போது பல ஆயிரமாகத் திரும்பி வருகிறது. அடுத்த தடவை சாவியைக் கொடுக்கும்போதே சீட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறையைப் பாருங்கள்!